பச்சைப் பெட்டியின் மேல் பதினோரு சீட்டுகள்

அந்தப் பச்சைப் பெட்டியை இன்றும் என்னால் வரைந்து காட்ட முடியும். தகரப் பெட்டி, மேலே சீட்டுப் போட ஒரு துளை, துளையின் இரண்டு ஓரங்களிலும் தடித்த சிவப்பு அரக்கு. பக்கத்தில் மஞ்சளும் நீலமுமாக இன்னும் இரண்டு. வேட்பாளருக்கு ஒரு நிறம் என்று வைத்துவிட்டால், படிக்கத் தெரியாதவரும் வேண்டியவர் பெட்டியில் சீட்டைப் போடலாம் அல்லவா? யுத்தத்துக்கு முன்பு அல்சூரில் நடந்த நகரசபைத் தேர்தல் அது. வீட்டு வரி கட்டும் பெண்களுக்கும் ஓட்டு இருந்ததால் அவர்களுக்குத் தனிச் சாவடி. ஜோகுபாளையத்தில் வாத்தியாரம்மாவாக இருந்த என்னை அங்கே உதவிக்குப் போட்டார்கள்.

சாவடிக்குத் தலைவர் எங்கள் சிரஸ்தேதார், கச்சேரி குமாஸ்தாக்களுக்கெல்லாம் மேலே இருந்தவர். மனிதருக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. கதவுக்கும் மேசைக்கும் நடந்தபடியே இருப்பார். பார்த்துக்கொண்டிருந்தால் நமக்குக் கால் வலிக்கும். சர்க்கார் அச்சடித்துத் தந்த விதிகள் போதாதென்று, தேர்தல் நடத்துவோருக்கான குறிப்புகளைத் தானே நாலு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். வரிசை எந்தப் பக்கம் வளைய வேண்டும், ஆடுகிற மேசைக்கு எதை முட்டுக் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. அரக்கு வைப்பதற்கு மட்டும் ஒரு முழுப் பக்கம். மூடியை யாரும் நெம்பிவிடக் கூடாதென்று, துளை ஓரம்வரை அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை குத்தியது அவரே.

பெட்டிகள் இருந்தது திரைக்குப் பின்னால். பெண்கள் போய்வரும் மறைவிடம் என்பதால் அவர் உள்ளே போகக் கூசினார். "உள்ள நீங்களே பாத்துக்குங்க டீச்சரம்மா. ஏதாவது ஒண்ணுன்னா உடனே என்கிட்ட வந்துடணும்" என்றார்.

ஒன்பது மணி இருக்கும். உள்ளே போன ஒரு கிழவி வெளியே வர நேரமாயிற்று என்று போய்ப் பார்த்தேன். பச்சைப் பெட்டியின் மேல் சீட்டை வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். அவளை அனுப்பிவிட்டு, சீட்டை எடுத்துத் துளைக்குள் தள்ளினேன். பாவம், ஓட்டு வீணாகக் கூடாதே என்றுதான். சொன்னால் அவர் குதிப்பார் என்று சொல்லவில்லை. அதற்கப்புறம் உள்ளே எட்டிப் பார்க்கவும் இல்லை.

மதியம், வரிசையை நிறுத்திவிட்டு அவரே திரையை விலக்கினார். பச்சைப் பெட்டியின் மேல் பதினோரு சீட்டுகள், இரண்டு மூன்றின் மேல் கதம்பம் வேறு. ஒருத்தி வைத்ததைப் பார்த்து அடுத்தவளும் வைத்திருக்கிறாள். அப்போதுதான் வெளியே போன பால்காரம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"சர்க்காரு முத்திர குத்தி வெச்சிருக்குது சாமி. அதுல கை வெச்சா ஜெயில்ல போட மாட்டாங்களா? அதான் மேலயே வெச்சுட்டு கும்புட்டு வந்தேன்."

அவர் முகம் சுண்டிப்போயிற்று. "ஐயா, உள்ள தள்ளிடலாங்க" என்றேன்.

"எப்படித் தள்றது? காத்துல ஒரு சீட்டு இந்தப் பெட்டியில இருந்து அந்தப் பெட்டிக்குப் போயிருந்தா? யாரு எதுல வெச்சாங்கன்னு நமக்கென்ன தெரியும்?"

பதினொன்றையும் செல்லாதென்று எழுதி உறையில் போட்டார். பிறகு ஒரு வெற்றுப் பெட்டியை வாசலில் வைத்து, வந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் காகிதத்தைத் துளையில் போட்டுக் காட்டினார். சாயங்காலம்வரை ஒரு சீட்டும் வெளியே கிடக்கவில்லை. காலையில் நான் வாயைத் திறந்திருந்தால் அதை ஒன்பது மணிக்கே செய்திருப்பார்.

பச்சைப் பெட்டிக்காரர் ஏழு ஓட்டில் தோற்றார். சிரஸ்தேதார் விலைபோய்விட்டார் என்று கடைத்தெரு முழுக்கப் பேச்சு. விசாரணைக்கு அறிக்கை எழுத உட்கார்ந்தவர், அன்றைக்கு நிஜமாகவே உட்கார்ந்தார், என்னைக் கேட்டார்: "காலையில ஒரு தடவ உள்ள போனீங்களே. அப்ப மேல ஒண்ணும் இல்லையே?"

"இல்லீங்க."

அதையும் எழுதிக்கொண்டார். அரக்கு தன் தவறு, ஆசிரியை மீது குறை எதுவுமில்லை என்று முடித்திருந்தார். நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். அதன்பின் எந்தத் தேர்தலுக்கும் அவரை அழைக்கவில்லை.

அவருடைய குறிப்புகளை மட்டும் விடவில்லை, திருத்தி எழுதித் தரச் சொன்னார்கள். அனுப்புமுன் என்னிடம் படிக்கக் கொடுத்தார். அரக்கு துளையைத் தொடக் கூடாது என்ற வரிக்குக் கீழே புதிதாக ஒன்று இருந்தது: "பெண்கள் சாவடிக்கு ஆசிரியை ஒருவரை நியமிக்கவும். மறைவிடத்தைப் பற்றி அவர் சொல்வதை அப்படியே நம்பலாம்."

இப்போது பெட்டிக்கு நிறமில்லை, அந்தச் சாவடியும் இல்லை. சிரஸ்தேதார் போய்ப் பல வருஷமாயிற்று. ஆனாலும் தேர்தல் என்ற பேச்சு எழுந்தால் என்னால் வீட்டில் இருக்க முடிவதில்லை. ஏரிக்கரைப் பக்கம் நடந்துவிட்டு வருகிறேன். அந்த வரியை இரண்டு முறை படித்துவிட்டு, "சரியா இருக்குங்க" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தவள் நான்.