நாலாம் நம்பர் பேரிங்

சூடேறிய எண்ணெயும் அரைபட்ட பச்சைக் கொழுந்தும் கலந்த வாசனை... வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் தொழிற்சாலையில் உதவி டீமேக்கராக இருந்த நாட்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அதுதான். இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்து மூன்று ஆண்டுகள்கூட ஆகவில்லை. அப்போது எனக்கு வயது முப்பத்தைந்து. இன்று ஐம்பது.

ரோலர் அறையின் சுவரோரமாக, ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, நீண்ட இரும்புத் தண்டு ஒன்று சுழலும். நாங்கள் அதை ஷாப்ட் என்போம். அதிலிருந்து இறங்கும் பெல்ட்டுகளே கொழுந்தை அரைக்கும் நான்கு ரோலர்களையும் ஓட்டின. ஷாப்டைத் தாங்கியவை ஆறு பேரிங்குகள். ஒவ்வொன்றின் உச்சியிலும் எண்ணெய் ஊற்றத் துளையும் அதற்கு ஒரு மூடியும் உண்டு. நாலாவதன் மூடி மட்டும் எனக்கு முந்தியவர் காலத்திலேயே தொலைந்துவிட்டது.

அவ்வாண்டு ஆயுத பூசை முடிந்த ஐந்தாம் நாள், ஷாப்டிலிருந்து ஒரு முனகல் கேட்டது.

நான் முறைப்படியே தொடங்கினேன். ஒரு கம்பின் நுனியைப் பேரிங்கிலும் மறுநுனியைக் காதிலும் வைத்து, ஒன்று முதல் ஆறு வரை வரிசையாகக் கேட்டேன். இரும்பு ஒலியைக் கடத்துமாதலால் மூன்று, நாலு, ஐந்து எல்லாமே முனகின. அடுத்து, புறங்கையால் சூடு பார்த்தேன். நாலில் வைத்த கையை வைத்த வேகத்திலேயே எடுத்தேன். ஷாப்டை ஓட்டும் எஞ்சினை நிறுத்தி, கடப்பாரையால் ஷாப்டை நெம்பியதும், ஒரு சதக் காசின் கனத்துக்கு எழும்பி விழுந்தது. உள்ளே ஷாப்ட் உராயும் வெள்ளை உலோகப் பூச்சு தேய்ந்தே போயிருந்தது.

பேரிங் தேய்ந்தால் எண்ணெய் போகவில்லை என்று பொருள். எண்ணெய் ஊற்றுபவர் செல்லையா. கூப்பிட்டுக் கேட்டேன்.

“ஊத்துனேங்க ஐயா. வழியிற வரைக்கும் ஊத்துனேங்க.”

தேய்ந்த உலோகத்தைவிட வேறு சாட்சி எதற்கு என்று நான் நினைத்தேன். அறிக்கை எழுதினேன். காரணம் என்ற இடத்தில் ‘எண்ணெய்க்காரரின் கவனக்குறைவு’ என்று தெளிவான கையெழுத்தில் குறித்தேன். மாலையே தோட்ட நிர்வாகியான துரையின் பதில் வந்தது: திங்கள் காலை செல்லையாவை ஆபீசுக்கு அனுப்பவும், வேலையிலிருந்து நீக்கம்.

அது இலங்கைக் குடியுரிமைக்குத் தோட்டத் தமிழர் எல்லோரும் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்த காலம். செல்லையாவும் போட்டிருந்தார். தோட்டத்துப் பெயர்ப் பதிவேடான செக்ரோலில் பெயர் இல்லாதவருக்குத் தொழிலாளர் லயத்தில் அறையும் இல்லை, விண்ணப்பத்துக்கு ஆதாரமும் இல்லை. இது எனக்கும் தெரியும். ஆனால் விதி விதிதானே...

ஞாயிறு காலை தலவாக்கலையிலிருந்து பியதாச பாஸ் வந்தார். தொழில்காரரை ‘பாஸ்’ என்பதும் ஐயாவை ‘மாத்தயா’ என்பதும் சிங்கள வழக்கு. ஃபிட்டர் வேலையில் கெட்டிக்காரர், வாயிலும் அப்படியே. பெல்ட்டுகளைக் கழற்றினோம். ஷாப்டுக்குக் கட்டைகளை முட்டுக் கொடுத்தோம். செல்லையாவும் ஒரு பக்கம் பிடித்தார். மறுநாள் தன்னை நிறுத்தப்போகிறார்கள் என்று தெரிந்தும், கட்டை நழுவாமல் பிடித்தார்.

புதிய பேரிங்கை வைப்பது பொறுமையான வேலை. ஷாப்டில் நீலச் சாயம் பூசி, பேரிங்கில் வைத்துச் சுழற்றி, சாயம் ஒட்டிய மேடுகளை மட்டும் சுரண்ட வேண்டும். மூன்று முறை சுரண்டிய பிறகே பாஸ் தலையசைத்தார். பேரிங்கின் மேல்பாதி மட்டும் பழையதுதான். அதைத் துடைத்து எண்ணெய்த் துளையில் கம்பியை விட்டார். கம்பி போகவில்லை. அழுத்திக் குத்தியதும் மஞ்சளாக, கல் போல ஏதோ ஒன்று விழுந்தது. பாஸ் அதை எடுத்து முகர்ந்தார்.

“மாத்தயா, இது கிரீஸ் இல்ல. சந்தனம்.”

முந்தைய ஆண்டு பூசையில் ஆளுக்கொரு பக்கமாகச் சந்தனத்தை அப்பியிருந்தார்கள். அந்த ஒழுங்கீனம் பொறுக்காமல் அவ்வாண்டு நானே ஏணியில் ஏறி, ஆறு பேரிங்குக்கும் உச்சியின் நட்ட நடுவில், ஒரே அளவில், ஒரே கோட்டில் பொட்டு வைத்தேன். மற்ற ஐந்துக்கும் அது மூடியின் மேல் அமர்ந்தது. நாலுக்குத்தான் மூடி இல்லையே.

ஊற்றிய எண்ணெய் உள்ளே இறங்காமல் பக்கத்தால் வழிந்திருக்கிறது. வழிந்ததால் நிரம்பிவிட்டது என்று செல்லையா நம்பியிருக்கிறார். துடைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே என்று கேட்டேன்.

அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார். “தானா உதிர்ற வரைக்கும் பொட்டுல யாரும் கை வைக்கப்படாதுன்னு ஐயாதானங்க சொன்னீங்க.”

பாஸ் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “சாமி நல்லா சந்தனம் சாப்பிட்டிருக்கு மாத்தயா. எண்ணெய்தான் கெடைக்கல.”

திங்கள் காலை நானும் செல்லையாவுடன் ஆபீசுக்குப் போனேன். என் கையில் இரண்டாவது அறிக்கை. அதே படிவம், அதே கையெழுத்து. காரணம் என்ற இடத்தில் மட்டும் என் பெயர்.

துரை இரண்டையும் படித்தார். அப்படியானால் இப்போது யாரை நிறுத்துவது என்று ஆங்கிலத்தில் கேட்டார். விதிப்படி என்னைத்தான் என்றேன். துரை முதல் அறிக்கையைக் கிழித்துவிட்டு, தமிழில் செல்லையாவிடம் சொன்னார்: “நீ வேலைக்குப் போ. அடுத்த வருசம் பொட்டு நீ வை. ஐயா எண்ணெய் ஊத்தட்டும்.”

வெளியே வந்து பத்தடி நடந்ததும், மேசையில் இரண்டு அறிக்கைகளையும் பார்த்திருந்த செல்லையா சொன்னார்.

“என்னைய வெறும் எண்ணெய்க்காரர்னு எழுதுனீங்க, ஒங்க பேரை மட்டும் இவ்வளவு அழகா எழுதியிருக்கீங்களே ஐயா...”

அன்று முதல் அவர் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். நாலாம் நம்பருக்கு எண்ணெய் ஊற்றியதும், நான் அறையின் எந்த மூலையில் நின்றாலும், ரோலர் இரைச்சலுக்கு மேலாக, “உள்ள போச்சுங்க ஐயா” என்று குரல் கொடுப்பார். கொழுந்து கொட்டுபவர்கள் முதல் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் கையுயர்த்தி ஏற்றுக்கொள்வேன். எட்டு ஆண்டுகள், ஒரு நாள் தவறாமல்.

இப்போது நான் உடப்புசல்லாவையில் வேறொரு தோட்டத்தில் இருக்கிறேன். ரோலருக்கு ஒரு மின்மோட்டார். பேரிங்குகள் எல்லாம் உள்ளே எஃகுக் குண்டுகள் வைத்து மூடியே வருகின்றன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிரீஸ், அதற்கொரு அட்டை, அட்டையில் ஒரு கையொப்பம். நான் விரும்பிய ஒழுங்கு இதுதான். குறை சொல்ல ஒன்றுமில்லை.

கையொப்பமிட்ட அட்டை என் மேசைக்கு வருகிறது. நானும் சரிபார்க்கிறேன். ஆனாலும் கிரீஸ் உள்ளே போனதாக, இந்த அட்டையைப் பார்த்து, ஒரு நாளும் எனக்கு நம்பிக்கை வந்ததில்லை...