வாயைத் திறக்காதே என்றவள்

கோலார் தங்கவயல் சாம்பியன் ரீப்ஸில் ஓர் அமெரிக்க இன்ஜினியர் துரை வீட்டில் ஐடா சமையல்காரி. கூலிக்காரர் லைன் வீடுகளில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. கெட்டிக்காரிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் பாம்புக் காது. சாப்பாட்டு மேசையில் பேசுவதையெல்லாம் அரைகுறை இங்கிலீஷில் பிடித்துவந்து லைன் முழுக்கப் பாடம் நடத்துவாள்.

1902இல் ஒருநாள் அவள் புருஷன் ஜெயகரன் ஷிப்ட் முடிந்து சுரங்கத்திலிருந்து மேலே வந்தபோது, சோதனையில் அவனுடைய சோற்று மூட்டையிலிருந்து ஒரு கல் விழுந்தது. கல்லில் தங்க ரேகை. சுரங்கத்துக்குள் எலித் தொல்லை தாங்காது. சட்டி மூடிமேல் வைக்க அந்தக் கல்லை எடுத்துக் கொடுத்ததே கூட்டாளி பெருமாள்தான். மெழுகுவத்தி அணைந்த இருட்டில் துணியை முடிந்தபோது கல்லும் உள்ளே போய்விட்டது. அவ்வளவுதான் சங்கதி.

இதைக் கோர்ட்டில் சொல்லியிருந்தால் போதும். ஐடா விடவில்லை. குற்றம் சாட்டப்பட்டவன் பேச வேண்டியதில்லை, பேசாததைக் குற்றமாக எடுக்கக் கூடாது, நிரூபிப்பது சர்க்கார் பாடு, இது அமெரிக்க அரசியல் சட்டம் என்று துரை சொன்னதை அவள் கேட்டிருந்தாள்.

“நீங்க வாயே தொறக்காதீங்க. தொரைங்க சட்டமே அப்படித்தான்.”

அவளுக்கு எல்லாத் துரையும் ஒரே துரை. நாட்டுக்கு ஒரு சட்டம் இருக்கும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

மாஜிஸ்ட்ரேட் மூன்று தடவை விளக்கம் கேட்டார். ஜெயகரன் தலையைக் குனிந்தபடி நின்றான். பெருமாள் சாட்சி சொல்ல வெளியே காத்திருந்தான்; அவனை யாரும் கூப்பிடவில்லை.

“கல் எப்படி வந்தது என்று வைத்திருந்தவன்தான் காட்ட வேண்டும். இவன் காட்டவில்லை. ஆறு மாதம்.”

ஐடா அலறினாள். “ஐயோ சாமி, இப்பச் சொல்லச் சொல்றேன், இப்பச் சொல்லச் சொல்றேன்!” கான்ஸ்டபிள் அவளை வெளியே தள்ளினான்.

துரையிடம் ஓடினாள். அவர் முகம் வெளுத்துவிட்டது. “அது எங்கள் நாட்டில், ஐடா. இங்கே அந்தச் சட்டம் கிடையாது.”

ஞாயிற்றுக்கிழமை ஜெயிலுக்கு நானும் கூடப் போனேன். மொட்டையடித்த தலையோடு ஜெயகரன் கம்பிக்குப் பின்னால் வந்து நின்றான். அவன் முகத்தில் துளி கோபமில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வார்டரை ஒருமுறை பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டான்.

“இன்னா ஐடா, இப்பப் பேசலாமா?”