கேட்டால்தான் தீட்டு

மாமா, பெருமாள் திருவடி பொறித்த சடாரியைக் கையில் ஏந்திக்கொண்டு கர்ப்பக்கிருகத்தை விட்டு வெளியே வந்தார். முன்வரிசையில் நின்றவர்கள் தலையைக் குனிய வேண்டிய நேரம். ஒருத்தரும் குனியவில்லை. இரண்டடி பின்னால் நகர்ந்தார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு கோயில் சங்கத்துக் காரியதரிசி முன்னால் வந்தார். கையில் கம்ப்யூட்டரில் அச்செடுத்த ஒரு காகிதம். "ஓய், பம்பாயில உம்ம பங்காளி ஒருத்தர் போயிட்டார். விடியறதுக்குள்ளயே உம்ம போனுக்குச் சேதி வந்தாச்சு. தெரிஞ்சுண்டே உள்ளே போயிருக்கீர்" என்றார். மாமா ஒன்றும் புரியாமல் நின்றார். சடாரியை உள்ளே கொண்டுபோய் வைக்கவும் முடியாது, கீழே வைக்கவும் முடியாது. வேறொருவர் ஓடிவந்து வாங்கிக்கொள்ளும்வரை அவர் அதை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்ததைப் பெண்கள் வரிசையில் நின்று நான் பார்த்தேன். இத்தனை வருஷம் கழித்து இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மாமா என் அம்மாவின் தம்பி. சின்னக் காஞ்சிபுரத்தில் எங்கள் தெருக்கோடியில் இருந்த சின்னக் கோயிலில் பூஜை செய்யும் முறை இரண்டு குடும்பங்களுக்கு உண்டு. ஒன்று மாமாவுடையது, இன்னொன்று காரியதரிசியுடையது. கோத்திரம் வேறு. மாதம் மாற்றி மாதம் பூஜை; உற்சவம் மட்டும் வருஷம் மாற்றி வருஷம். ஒருவர் குடும்பத்தில் சாவு விழுந்தால் அந்தக் கிளைப் பங்காளிகள் அத்தனை பேருக்கும் தீட்டு. தீட்டு கழிகிறவரை சந்நிதிக்குள் கால் வைக்கக்கூடாது. மற்றக் குடும்பம் பார்த்துக்கொள்ளும். மாமாவுக்கு அந்த முறைதான் உயிர். சம்பளம் என்று சொல்லிக்கொள்ள அதில் ஒன்றும் கிடையாது. பெருமாளுக்குத் திருமஞ்சனம் செய்து நீராட்டும்போது மாமா முகத்தைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தீட்டு விஷயத்தில் எங்கள் மனிதர்கள் ஒரு நல்ல ஏற்பாடு வைத்திருந்தார்கள். செத்தவுடன் தீட்டு வருவதில்லை, கேட்டவுடன்தான் வரும். காதில் விழாதவரை ஒருவர் சுத்தமாகத்தான் இருக்கிறார். ஆகவே சாவுச் செய்தி கொண்டுவருகிறவனுக்கு எப்போது சொல்வது என்று தெரிந்திருக்க வேண்டும். வாலாஜாபாத் உறவுக்காரர்கள் இதற்கென்றே சைக்கிளில் ஓர் ஆளை அனுப்புவார்கள். அவர் வந்து வாசல் வேப்பமரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நிற்பார். "என்னப்பா சமாச்சாரம்?" என்று அம்மா கேட்டால், "சாமி பூஜை பண்ணிக்கினு இருக்குதுல்ல, முடிச்சிட்டு வரட்டும்மா, நான் நின்னுக்கினு இருக்கேன்" என்பார். அதிலேயே எங்களுக்குப் புரிந்துவிடும். யாரும் மேலே கேட்க மாட்டோம். மாமா வெளியே வந்து தீர்த்தம் கொடுத்து முடித்த பிறகுதான் அந்த மனிதர் வாயைத் திறப்பார்.

செல்போன் வந்ததும் காரியதரிசிக்கு இதெல்லாம் பட்டிக்காட்டுத்தனமாகப் பட்டது. கடைத்தெருவில் இருந்த கம்ப்யூட்டர் சென்டர்காரரைப் பிடித்து, எந்தக் கிளையில் யார் போனாலும் அந்தக் கிளைக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே தட்டில் எஸ்.எம்.எஸ். போகும்படி ஏற்பாடு செய்தார். நான் அப்போது சென்னையில் ஒரு கம்பெனியில் இருந்தேன். அனுப்பிய செய்தி போய்ச் சேர்கிறதா, எவ்வளவு நேரத்தில் சேர்கிறது, எத்தனை நடுவழியில் தொலைகிறது என்று சோதித்துச் சொல்வதுதான் என் வேலை. "நம்ம பொண்ணுதானே, பார்த்துச் சொல்லட்டும்" என்றார் காரியதரிசி. லீவு போட்டு வந்து பார்த்தேன். தெருவிலிருந்து, வாலாஜாபாத்திலிருந்து, தென்னேரி ஏரிக்கரையில் இருந்த ஒரு சித்தி வீட்டிலிருந்து எல்லாம் சோதித்தேன். கோயில் கல்மண்டபத்துக்குள் சிக்னல் செத்துவிடுகிறது, தீபாவளி மாதிரி நாளில் காலையில் அனுப்பியது சாயங்காலம் வருகிறது என்று எழுதினேன். கடைசியில் அடிக்கோடு போட்டு இன்னொன்றும் எழுதினேன். 'டெலிவர்டு' என்று வந்தால் போன் வாங்கிக்கொண்டது என்று மட்டுமே அர்த்தம். மனிதர் படித்தார் என்று அர்த்தமில்லை. இதை வைத்து யாருக்கு எப்போது தெரியும் என்று முடிவுகட்டக் கூடாது.

காரியதரிசி சங்கக் கூட்டத்தில் முதல் பக்கத்தை மட்டும் படித்தார். "பெரும்பாலும் உடனே போய்ச் சேர்ந்துடறதுன்னு எழுதியிருக்கா. போறும்" என்று காகிதத்தை மடித்துவிட்டார். அடிக்கோடு போட்டதெல்லாம் மடிப்புக்குள் போயிற்று.

மாமாவின் போன் அவர் பிள்ளை வாங்கிக் கொடுத்தது. பச்சைப் பொத்தானை அழுத்தினால் பேசலாம், சிவப்பை அழுத்தினால் பேச்சு நிற்கும். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மூலையில் தோன்றும் உறைப் படம் ஏதோ அழகுக்குப் போட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தார். உற்சவ நாளில் அந்தப் போனும் வீட்டு அலமாரியில் வேஷ்டிகளுக்கு நடுவில் கிடந்தது. அவர் முகம் அறியாத ஒரு பங்காளியின் சாவு அதற்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. மாமாவின் காதில் அது முதன்முதலில் விழுந்தது சடாரியும் கையுமாக நின்றபோது, காரியதரிசியின் வாயிலிருந்து. சாஸ்திரப்படி பார்த்தால் தீட்டு அந்த நிமிஷம்தான் வந்தது. சந்நிதி வாசலுக்கே அதைக் கொண்டுவந்து கொட்டியவர் காரியதரிசிதான்.

நான் சும்மா இருக்கவில்லை. வரிசையை விட்டு வெளியே வந்து கத்தினேன். போனுக்கு வந்தால் மனிதருக்கு வந்ததாகாது, எழுதிக் கொடுத்திருக்கிறேன், இரண்டாம் பக்கத்தை எடுங்கள் என்றேன். "நீதானேம்மா சேர்ந்துடறதுன்னு சொன்னே? இப்ப மாமான்னதும் மாத்திப் பேசறயா? பொம்மனாட்டிகள் இதுல தலையிடப்படாது" என்றார். சோதித்துச் சொல்ல மட்டும் பொம்மனாட்டி வேண்டியிருந்தது. அங்கே நின்ற அத்தனை பேர் மடியிலும் போன் இருந்தது. அத்தனை பேரும் படிக்காமல் விட்ட செய்திகளைச் சுமந்துகொண்டுதான் நின்றார்கள். ஒருத்தர் பின்னால் ஒருத்தராக அந்தக் காகிதத்தைத்தான் எட்டிப் பார்த்தார்கள். மாமா மட்டும், "பெருமாள் சாட்சியா எனக்குத் தெரியாது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பெருமாள் சாட்சியைவிட அச்சடித்த காகிதம் அவர்களுக்குப் பெரிதாக இருந்தது.

சங்கம் கூடியது. தீட்டோடு உள்ளே போனவருக்கு இனி முறை கிடையாது என்று தீர்மானம் போட்டார்கள். மாமாவின் மாதங்களும் உற்சவமும் காரியதரிசி வீட்டுக்குப் போயின. மாமா வீடுவீடாகப் போய் வைதிகம் செய்து வைத்துக் காலம் தள்ளினார். கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. கொடிமரத்துக்குப் பக்கத்தில் எல்லாரையும்போல நின்று சேவித்துவிட்டு வருவார். வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே எடுக்க மாட்டார். அவருக்கு ரோஷமே கிடையாது என்று மாமி புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொல்வாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அடுத்த வருஷ உற்சவத்துக்கு நான் ஊரில் இருந்தேன். காலையில் மாமாவின் போன் அடித்தது. பச்சைப் பொத்தானை அழுத்தினார். காரியதரிசியின் சித்தப்பா பிள்ளை வாலாஜாபாத்தில் போய்விட்டார், காரியங்களுக்கு நீங்கள் வந்து நடத்தித் தர வேண்டும் என்று அந்த வீட்டிலிருந்து கேட்டார்கள். மாமா வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். நான் நேராகக் கம்ப்யூட்டர் சென்டருக்கு ஓடினேன். சங்கத்துச் செய்தி அதற்கு முன்பே அந்தக் கிளைக்காரர்கள் எல்லாருக்கும் போயிருந்தது. காரியதரிசியின் எண்ணுக்கு நேராகவும் 'டெலிவர்டு' என்று இருந்தது. அச்செடுத்துக்கொண்டு கோயிலுக்குப் பறந்தேன். உள்ளே திருமஞ்சனம் நடந்துகொண்டிருந்தது. சென்ற வருஷம் பின்னால் நகர்ந்த அதே கூட்டம் கைகூப்பி நின்றது. மாமா வாசலுக்கு வெளியே, வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.

"நகருங்கோ மாமா, நான் உள்ளே போய் எல்லார் முன்னாடியும் படிக்கப் போறேன்" என்றேன்.

மாமா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "அது அவர் போனுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. நில்லு."

கையை உதறப் பார்த்தேன், விடவில்லை. திருமஞ்சனம் முடிந்து, அலங்காரம் முடிந்து, தீர்த்தமும் சடாரியும் ஆகிற வரை அப்படியே நின்றோம். காரியதரிசி வியர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். மாமா எட்ட நின்றே, "உம்ம சித்தப்பா பிள்ளை போயிட்டார். ஸ்நானம் பண்ணிடும்" என்றார். காரியதரிசியின் கண் என் கையிலிருந்த காகிதத்துக்குப் போயிற்று, மாமாவிடம் வந்தது, உடனே தரைக்கு இறங்கியது. "நல்லவேளை, பெருமாள் காப்பாத்தினார்" என்று சொல்லிவிட்டுக் குளத்துப் பக்கம் நடந்தார். மாமாவின் முறையைப் பற்றி அன்றும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை. சங்கத்திலும் யாரும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது தெருவென்றும் பார்க்காமல் மாமாவைக் கடித்துக் குதறினேன். அந்த ஆள் உங்களை என்ன பாடுபடுத்தினான், கையில் கிடைத்ததை விட்டுவிட்டீர்களே, உங்களுக்குக் கோபமே வராதா என்று கேட்டேன். மாமா நின்றார். முகம் சிவந்திருந்தது, உதடு துடித்தது. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"வராம என்னடி? அவனைப் பார்த்தாலே எனக்கு உடம்பெல்லாம் எரியறது. ராத்திரி தூக்கம் கிடையாது. அதுக்காக, பெருமாளை ஈர வஸ்திரத்தோட பாதித் திருமஞ்சனத்துல நிறுத்தச் சொல்றயா?"

சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தார். வாலாஜாபாத் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அங்கே அவருக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.