மூன்று மாதச் சர்க்கரை

தாமரைச்செல்வியை நான் முதலில் பார்த்தது தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான், படித்தது பொருளாதாரம். அவருடைய ஆய்வுக்குக் கணக்கெடுக்கும் வேலை எனக்குக் கிடைத்திருந்தது.

"சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு வந்திருக்கீங்க. மீன் தண்ணி தெறிக்கும், பரவால்லையா?" என்றார்.

மூடிப்போன மில்லில் வேலை பார்த்தவரின் மகள் அவர். அரசு சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் மாத்திரையால் சர்க்கரை நோய் கட்டுப்படுகிறதா, குடும்பங்களின் ஆஸ்பத்திரிச் செலவு குறைகிறதா என்பதே அவருடைய முனைவர் பட்ட ஆய்வு. இரண்டு வருடமாகச் சேர்த்த சர்க்கரை அளவுகள் எல்லாம் நன்றாகவே இருந்தன. இன்னும் சிலரைப் பார்த்தால் எழுதி முடித்துவிடலாம்.

அன்று மீன் விற்கும் கன்னியம்மாளின் விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்தோம். அளவு அருமையாக இருந்தது.

"நல்லா பாத்துக்கிறீங்கம்மா," என்றேன்.

"பின்ன? நீங்க வரீங்கன்னு சொன்னதுலேர்ந்து சோத்தத் தொடல. கஞ்சித் தண்ணிதான்."

"எதுக்கு அப்படி?" என்றார் தாமரைச்செல்வி.

"அளவு ஏறுனா டாக்டரம்மா திட்றாங்கல்ல. நீ மட்டும் பரிச்சைக்கு மொத நாளு படிக்காமயா போன? இங்க எல்லாருந்தான் இப்படி."

பக்கத்துக் கடைக்கார அம்மா சிரித்தார். "இவ மாத்திரையும் அன்னிக்கு மட்டுந்தான் போடுவா."

நெறியாளர் ஹரிகிருஷ்ணனிடம் அன்றே போய்ச் சொன்னார் தாமரைச்செல்வி.

"உதவித்தொகை முடியப்போவுது செல்வி," என்றார் அவர். "இதையும் ஒரு குறைபாடுன்னு ஓரமா எழுதிட்டுக் குடுத்துடு. பட்டம் கெடைச்சிடும்."

"கெடைக்கும் சார். ஆனா மாத்திரை குடுத்தா போதும்னு நானே எழுதிக் குடுத்ததா ஆயிடுமே. மொதல்லேர்ந்து மறுபடி பாக்கறேன்."

"சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவ?"

"காலேஜுல பாடம் எடுக்கறேன். லீவு நாள்ல இத பாக்கறேன்."

பழைய அளவுகளை ஒதுக்கிவிட்டு, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையோடு மறுபடி தொடங்கினார். இரண்டு நாள் பட்டினி அதை ஏமாற்றாது. பாதிப் பேருக்கு மேல் சர்க்கரை கட்டுக்குள் இல்லை. காரணமும் தெரிந்தது: மாத்திரை கொடுக்கும் நேரமும் மீன் ஏல நேரமும் ஒன்று. வாங்கப் போனால் அன்றைய வியாபாரம் போச்சு. இலவச மாத்திரைக்கு இவர்கள் கொடுத்த விலை அதுதான் என்று ஆய்வேட்டில் எழுதினார். பட்டம் தாமதமாகத்தான் வந்தது, ஆனால் வாய்மொழித் தேர்வில் அவரை யாராலும் அசைக்க முடியவில்லை.

இப்போது தாமரைச்செல்வி காலாப்பட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர். மாலையில் மாத்திரை கொடுத்தால் எத்தனை பேர் விடாமல் போடுகிறார்கள் என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறார். வீடு ரெட்டியார்பாளையத்தில்.