வல்லூற்றுக்குக் கொடுத்த ஈரல்

எங்கள் வீட்டுக்கு வந்த எவரையும் அம்மா வெறும் வயிற்றோடு வெளியே விட்டதில்லை. மின்சார மீற்றர் பார்க்க வந்தவர்கூட ஒரு துண்டு ரொட்டியாவது கடித்துவிட்டுத்தான் படலையைத் தாண்டலாம். கடைசிச் சண்டைக்காலத்தில் கஞ்சி வரிசையில் நின்றவர் அம்மா. அப்பாவை இழந்ததும் அந்த வரிசையில்தான். அதற்குப் பிறகு பசி என்ற சொல்லே எங்கள் குசினிக்குள் நுழையக்கூடாது.

அப்படிப்பட்ட வீட்டில்தான் மாமா ஒரு வல்லூற்றைப் பட்டினி போட்டு வளர்த்தார்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. கட்டாரில் ஒரு பணக்காரர் வேட்டைக்கு இராசாளிகள் வளர்த்தார். அவற்றின் எச்சம் கழுவுகிற வேலை மாமாவுக்கு. நான்கு வருடம் கழுவிக்கொண்டே பறவை பழக்கும் வித்தையைக் கண்ணால் களவெடுத்துவிட்டாராம். விசா முடிந்து எங்கள் ஊர் விசுவமடுவுக்கு வந்த பிறகு, பறவை பழக்குகிற வேலை தாருங்கள் என்று மனேஜருக்குப் போன் எடுத்தார். மனேஜர் சிரித்தாராம். நீ பழக்கிய பறவை உன் கையில் வந்து இறங்குகிற படம் ஒன்று அனுப்பு, பிறகு பார்ப்போம் என்றாராம். இராசாளிக்கு வன்னியில் எங்கே போவது? மாமா வாய்க்கால் கரை மருதமரத்துக் கூட்டிலிருந்து ஒரு வல்லூற்றுக் குஞ்சை இறக்கினார்.

அம்மாவுக்கு இரண்டு விசயம் பிடிக்கவில்லை. ஒன்று, அது பசித்துக் கத்துவது. மற்றது, தம்பி திரும்பவும் போகப்போவது. ஆம்பிளை என்று இந்த வீட்டில் இருப்பது நீ ஒருத்தன் என்று புறுபுறுக்காத நாளில்லை. மாமா தினமும் காலையில் பறவையைத் தராசில் நிறுப்பார். நிறை கூடினால் அன்று அதற்கு இறைச்சி இல்லை.

"வயிறு நிறைஞ்சால் அது ஏனக்கா என்ரை கையைத் தேடி வரப்போகுது?" என்பார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அது என் காதில் விழுந்ததே தவிர மண்டைக்குள் போகவில்லை.

குஞ்சு வளர்ந்து பழகி, படம் எடுக்கிற நாள் வந்தது. சந்தியில் ஸ்டூடியோ வைத்திருந்தவர் வந்தார். கலியாண வீடும் சாமத்திய வீடும் எடுத்துப் பழகிய மனுசன். மாமாவை மாப்பிள்ளைபோல இருத்திப் பவுடர் பூசினார், நாடியை நிமிர்த்தினார், வல்லூற்றையும் இந்தப் பக்கம் பார் என்று சொடக்குப் போட்டுக் கூப்பிட்டார். அவருக்கென்று அம்மா கோழி அடித்திருந்தார். எல்லோருக்கும் சாப்பாடு உண்டு, கட்டையில் கட்டியிருந்த அந்தச் சீவனுக்கு மட்டும் இல்லை. அது என்னைப் பார்த்துக் கத்தியது. எங்கள் வீட்டிலிருந்து ஒன்று பசியோடு வெளிக்கிடுவதா? பறவையைக் காலையிலேயே தராசில் நிறுத்து முடிந்திருந்தது, மாமாவும் அந்தப் பக்கம் வரவில்லை. சட்டியிலிருந்த பச்சை ஈரலை எடுத்துப் போய்த் துண்டு துண்டாக ஊட்டிவிட்டேன். அம்மா ஈரலைத் தேடிவிட்டுப் பூனையைத் திட்டினார்.

அரிவு வெட்டி முடிந்த வயலுக்குப் போனோம். பறவை கையில் இருக்க முதலில் ஒரு படம். பிறகு மாமா அதை ஒரு மரக்கொப்பில் விட்டுவிட்டு ஐம்பது அடி தள்ளி நின்று, தோல் உறை போட்ட கையை உயர்த்தி விசிலடித்தார். மற்ற நாட்களில் விசில் முடிவதற்குள் வந்துவிடும். அன்றைக்கு அது சாவகாசமாக இறகு கோதியது. விசிலடித்து விசிலடித்து மாமாவுக்கு உதடு காய்ந்துபோனது. ஸ்டூடியோக்காரர் ஒரு கண்ணை மூடியபடியே நின்றார். கடைசியில் அது எழும்பிக் காட்டுப் பக்கம் போய்விட்டது.

மூன்று நாள் மாமா காடெல்லாம் தேடித் திரிந்தார். எனக்குக் கவலைதான், ஆனாலும் சாப்பிட்டுவிட்டுத்தானே போனது என்று ஒரு ஆறுதல்.

ஒரு கிழமை கழித்துப் படங்கள் வந்தன. ஒன்றில் மாமாவின் வெறுங்கை. மற்றதில் கையிலே வல்லூறு. அந்த இரண்டாவது படத்தை மாமா வெகுநேரம் பார்த்தார். பறவையின் கழுத்துக்குக் கீழே விரலை வைத்துத் தடவினார். பிறகு நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார்.

"அக்கா, இப்ப உங்களுக்குச் சந்தோசம்தானே?"

அம்மாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

"ஓம். நீ இஞ்ச நிக்கிறதுதான் எனக்குச் சந்தோசம். வா, சாப்பிடு."

மாமா சாப்பிடவில்லை. அடுத்த மாதமே சவூதிக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார். இத்தனை வருடத்தில் எனக்குப் போன் எடுப்பார், அம்மாவிடம் கொடு என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அந்தப் படம் இப்போதும் அலுமாரியில் இருக்கிறது. வளர்ந்த பிறகுதான் அதைச் சரியாகப் பார்த்தேன். இரை தின்ற வல்லூற்றுக்குக் கழுத்துக்குக் கீழே புடைத்து நிற்கும். படத்தில் அது சின்ன எலுமிச்சங்காயளவு புடைத்திருக்கிறது. மாமா அன்றைக்குக் கமராவைத்தான் பார்த்தார், பறவையைப் பார்க்கவில்லை. யாரோ தீன் போட்டிருக்கிறார்கள் என்பதைப் படத்தில்தான் கண்டிருக்கிறார். அந்த வீட்டில் பிறர் பசி பொறுக்காத ஆள், அவர் போவதை விரும்பாத ஆள் ஒருவர்தானே. ஒன்பது வயதுப் பிள்ளையை யார் நினைப்பார்கள்? அந்தப் பிள்ளைக்கும் அப்போது அது விளங்கவில்லை.

"நான் அவனுக்கு என்ன குறை வைச்சனான், பிள்ளை?" என்று அம்மா இன்றைக்கும் கேட்பார்.

மாமாவின் குரல் என் போனுக்கும் வராமல் போய்விடும் என்ற பயத்தில், தெரியாதம்மா என்கிறேன். அம்மா பெருமூச்சு விட்டபடி என் சாப்பாட்டுக் கோப்பையில் இன்னுமொரு அகப்பை சோறு போடுகிறார்.