சமையலறைச் சுவரில் தம்பியின் முகம்

பக்கத்து வீட்டில் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். அந்த வாடை பட்டாலே எனக்கு அப்பா மேல் கோபம் பொங்குகிறது.

அப்போது வடக்கே ஷாதிபூரில் அரசு குவார்ட்டர்ஸில் இருந்தோம். தம்பி செல்வம் மலேரியாவில் இறந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு. மனிதர்கள் முதன்முதலில் குகைச் சுவரில் கரியால் வரைந்த படங்கள் இன்னும் அழியவில்லை என்று டீச்சர் சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். தம்பிக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. அன்றே அம்மா அடுப்புக்கரியால் சமையலறைச் சுவரில் அவன் முகத்தை வரைந்தாள். தூக்கிய புருவம், உடைந்த முன்பல், அப்படியே அவன்.

அப்பாவின் மேலதிகாரி, பெரிய சாப், குவார்ட்டர்ஸைச் சோதித்துப் பார்க்க வருகிறார் என்று அப்பா அதன்மேல் சுண்ணாம்பு அடித்தார்.

"நம்ம புள்ள முகங்க அது!" என்று அம்மா கத்தினாள்.

"வெறும் கரிக்கோடு. சாப் பார்த்தா என் வேலை போயிடும்" என்றார் அப்பா.

மறுநாள் சாப் வந்தபோது, கூடத்துச் சுவரில் தம்பி இன்னும் பெரிதாக இருந்தான். அம்மா கரி படிந்த கையோடு பக்கத்திலேயே நின்றாள்.

யார் இது என்று சாப் இந்தியில் கேட்டார்.

"மேரா பேட்டா", என் பிள்ளை, என்றாள் அம்மா.

சாப் தொப்பியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகுதான் அப்பா தலையைத் தூக்கி அந்த முகத்தைப் பார்த்தார். சாப் பார்த்த பிறகு! அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.