எட்டில் நின்ற தண்ணீர்

முடிச்சூரில் குடியிருப்பவர்கள் யாராவது தண்ணீரை விரும்பி வீட்டுக்குள் கொண்டுவருவார்களா? 2015 வெள்ளத்தில் கட்டில் வரை மூழ்கிய வீடு எங்களுடையது. அதே ஹாலில் என் கணவர் அசரியா இரண்டடிக் கண்ணாடித் தொட்டி வைத்து, உப்புத் தண்ணீர் நிரப்பி, பவளம் வளர்க்கிறார். அவருக்குக் காட்டாங்குளத்தூர் கல்லூரி ஒன்றில் கிளார்க் வேலை. கட்டைவிரல் அளவு துண்டாக வாங்கிவந்த பவளம் மூன்று வருஷத்தில் உள்ளங்கை அளவு ஆகியிருக்கிறது. மகளைக் கட்டிக்கொடுத்தபோதுகூட மனுஷர் இத்தனை கவலைப்படவில்லை.

கவலையெல்லாம் தண்ணீரின் காரத்தன்மையைப் பற்றித்தான். பவளம் வளர வளர அதை இழுத்துக்கொள்ளும். தினமும் குறையும், குறைந்ததை ஆப்ப சோடா கரைத்து ஊற்றிச் சரிக்கட்ட வேண்டும். காலையில் ரயிலுக்குக் கிளம்பும் முன் சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து, மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுவார். எத்தனையாவது சொட்டில் நீலம் மஞ்சளாகிறதோ, அதுதான் அளவு. எட்டு என்றால் நல்லது. ஆனால் ஏழுதான் வரும், முகம் தொங்கிப்போகும். அந்த நேரம் பார்த்து "பால் வாங்கணுமா?" என்று நான் கேட்டுவிட்டால் போச்சு, எண்ணிக்கை தவறியது என்னால்தான் என்று பாய்வார். தொல்லை தாங்காமல் குடும்ப ஜெபத்தில் இதையும் சேர்த்துக்கொண்டேன். ஆண்டவரே, அது எட்டிலேயே நிற்கட்டும்.

மே மாதம் நின்றது. சோடா ஊற்றாமலே ஒரு நாள் எட்டு, மறுநாளும் எட்டு, ஐந்து நாளும் எட்டு. ஞாயிற்றுக்கிழமை சபையில் ஸ்தோத்திரக் காணிக்கையே போட்டுவிட்டார். "தண்ணீர் நிலைபெற்றதற்காக" என்று போதகர் வாசித்ததும், போர்வெல்லில் தண்ணீர் வந்துவிட்டதா என்று நாலு பேர் விசாரித்தார்கள்.

அன்று சாயங்காலம், பவளம் விற்ற ஊரப்பாக்கம் ஃபிரெடிக்குப் போன் போட்டுப் பெருமையடித்தார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"சோடா போடாமலே நிக்குதா? அண்ணா, அப்போ அது சாப்பிடல. வளர்ந்தா குறையணுமே! முதல்ல பவளத்தைப் பாருங்க."

பார்த்தோம். ஐந்து நாளாக அந்த எட்டை மட்டும்தானே பார்த்துக்கொண்டிருந்தோம். ஓரமெல்லாம் வெளுத்திருந்தது. எப்போதும் வெளியே நீட்டிக்கொண்டு அசையும் நுனிகள் ஒன்றுகூட இல்லை. தொட்டியில் விரலை விட்டால் தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது. அதைக் குளிர்விக்க மேலே மாட்டியிருந்த குட்டி ஃபேன் ஓடவில்லை, ப்ளக் கீழே கிடந்தது. செவ்வாய்க்கிழமை ஜெபக்கூட்டத்துக்குப் போகப் புடவை தேய்த்தபோது அதைக் கழற்றியவள் நான்தான்.

"நான்தாங்க கழட்டுனேன்," என்றேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஃபேனை ஓடவிட்டு, ஐஸ் பாட்டில்களை மிதக்கவிட்டார். சூடு மெல்ல இறங்கியது, எண் இறங்கவில்லை. திங்கள் எட்டு. செவ்வாய் எட்டு. லீவு போட்டுவிட்டுத் தொட்டி முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது. இது செத்துப்போனால் இந்த மனுஷர் முகத்தில் எப்படி முழிப்பேன்? காணிக்கை போட்டு நன்றி சொன்ன காரியத்தையே திருப்பி எடுத்துக்கொள் என்று கேட்க வாய் கூசியது. ஆனாலும் கேட்டேன். ஆண்டவரே, குறையட்டும்.

சனிக்கிழமை காலை குழாயை என்னிடம் நீட்டினார்.

"என்னால முடியல, டெபோரா. நீ விடு."

எண்ணிக்கொண்டே விட்டேன். ஐந்து. ஆறு. நீலம் அப்படியே இருந்தது. ஏழாவது சொட்டை விட்டுக் குலுக்கினேன். மஞ்சள்.

"ஏழு," என்றேன்.

குழாயை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெளுத்த ஓரம் வெளுத்தபடியேதான் இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார்.

"சாப்பிடுது, டெபோரா," என்றார். "சாப்பிடுது."